பிற்பகல் இரண்டு மணி வகுப்பு



முதியோரின் கல்வி பற்றி இந்தக் கல்லூரியில் பேச வேண்டும் என்று கேட்டதும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். இந்தப் பேச்சை எடுத்தாலே, வயதானவர்களுக்குப் பொழுது போக என்ன வழி என்ற கேள்வியில் போய் நின்றுவிடுவது நம் வழக்கம். அங்கிருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை. அரசுத் திட்டங்களில் இருந்த ஒரு வயது வரம்பிலிருந்து தொடங்குகிறேன்.

1978 அக்டோபர் 2 அன்று இந்திய அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவது அதன் குறிக்கோள். அந்தப் பத்துக் கோடிப் பேரும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். 1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் அதே வரம்பைத்தான் வைத்துக்கொண்டது. நிதி குறைவு, உழைக்கும் வயதில் இருப்பவருக்கு முதலில் கொடுப்போம் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1978இல் 36 வயதாக இருந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவர். பள்ளி அவரை விட்டுப் போயிற்று. முப்பது ஆண்டு கழித்து வந்த திட்டம் ஓர் ஆண்டு வித்தியாசத்தில் அவரை விட்டுப் போயிற்று. இன்று அவர் எண்பதைத் தாண்டியிருப்பார். இன்னும் நம்மிடையே இருக்கிறார். ரேஷன் கடைப் பதிவேட்டில் பெருவிரலை மையில் தொட்டு வைத்தவர், இன்று அதே விரலைக் கருவியில் வைக்கிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் எழுத்தறிவு பெற்றோர் 44 விழுக்காடு. ஆண்களில் 59 விழுக்காடு, பெண்களில் 28 விழுக்காடு. நம் பாட்டிமார்களில் நான்கில் மூவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க யாரையாவது கேட்க வேண்டியிருந்தது என்று பொருள். இதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் அறுபதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் அவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேராக இருப்பார்கள் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு சொல்கிறது. அறுபதை எட்டிய ஓர் இந்தியர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். ஒரு குழந்தை எல்.கே.ஜி.யில் சேர்ந்து கல்லூரிப் பட்டம் வாங்கும் காலம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு நம்மிடம் மருத்துவ முகாம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, கோயில் இருக்கிறது, தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. வகுப்பறை இல்லை.

நம் முதியோரில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒருவர், பள்ளிக்கே போகாதவர். மற்றவர் படித்து, வேலை பார்த்து, ஓய்வூதியம் வாங்குபவர். முன்னவருக்கு எழுத்தறிவுத் திட்டம் என்றும், பின்னவருக்குச் சொற்பொழிவு, சுற்றுலா, நடைப்பயிற்சிக் குழு என்றும் நாம் பிரித்துவைத்திருக்கிறோம். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. இந்த இரு வகையினருக்கும் உலகம் தனித்தனியாக என்ன செய்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

1973இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் பியேர் வெல்லா என்ற பன்னாட்டுச் சட்டப் பேராசிரியர் ஓய்வு பெற்றோருக்காகத் தம் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தார். மூன்றாம் பருவத்தின் பல்கலைக்கழகம் என்று அதற்குப் பெயர். படிக்கும் பருவம் முதலாவது, உழைக்கும் பருவம் இரண்டாவது, பணி முடிந்து உடலும் மனமும் நன்றாக இருக்கும் பருவம் மூன்றாவது. பல்கலைக்கழகங்கள் இளைஞரோடு நின்றுவிடாமல் எல்லா வயதினருக்கும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு 1968இன் உயர்கல்விச் சீர்திருத்தச் சட்டம் அங்கே வழிவிட்டிருந்தது. பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள், மூத்தோர் கேட்டார்கள். இந்த முறை ஐரோப்பா முழுவதும் விரைவாகப் பரவியது. 1975இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வேறொரு வழி கண்டார்கள். கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் கல்லூரி விடுதிகளில் மூத்தோரைத் தங்கவைத்து ஒரு வாரம் பாடம் நடத்தினார்கள். எல்டர்ஹாஸ்டல் என்ற பெயரில் அது நாடெங்கும் வளர்ந்தது.

ஜப்பானும் சீனாவும் இதில் பின்தங்கவில்லை. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், ககோகாவா நகரில் 1969இலேயே மூத்தோருக்கு நான்காண்டுப் படிப்பு தொடங்கிவிட்டது. சீனாவின் முதல் முதியோர் பல்கலைக்கழகம் 1983இல் சாண்டோங் மாகாணத்தில் தோன்றியது.

ஆனால் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது கேம்பிரிட்ஜில். வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற கருத்தை முன்வைத்தவர்களில் ஒருவரான மைக்கேல் யங், முதுமை பற்றிய கொள்கை ஆய்வு நிறுவனத்தை நடத்திய எரிக் மிட்விண்டர் ஆகிய மூவரும் 1981இல் பிரெஞ்சுக்காரர்களின் பெயரை எடுத்துக்கொண்டு, முறையை மாற்றினார்கள். பல்கலைக்கழகம் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை, நாமே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்வோம் என்றார்கள். ஓய்வு பெற்ற புவியியலாளர் பாறைகளைப் பற்றிச் சொல்லுவார். அடுத்த நாள் அவரே ஓய்வு பெற்ற தையற்காரரிடம் துணி வெட்டக் கற்பார். சேர எந்தச் சான்றிதழும் வேண்டாம், முடித்தால் எந்தச் சான்றிதழும் கிடையாது. தேர்வு இல்லை. கற்பிப்பவருக்குச் சம்பளம் இல்லை. உறுப்பினர் வீட்டுக் கூடத்திலும், தேவாலய அரங்கிலும், நூலகத்திலும் கூடுகிறார்கள். இன்று பிரிட்டனில் இப்படி ஏறத்தாழ ஆயிரம் அமைப்புகள் இருக்கின்றன. உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு லட்சம். லத்தீன் படிக்கும் குழு, பறவை பார்க்கும் குழு, ஊர் வரலாறு எழுதும் குழு என்று அவரவர் விருப்பப்படி பிரிந்து இயங்குகிறார்கள். அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, அங்கே யாரும் தொடாமல் கிடக்கும் ஆவணங்களை ஆராய்ந்து எழுதித் தரும் குழுக்களும் உண்டு.

லாஸ்லெட் 1989இல் எழுதிய ‘எ ஃபிரெஷ் மேப் ஆஃப் லைஃப்’ என்ற நூலில் இதன் பின்னணியை விளக்குகிறார். பிறந்தவர்களில் பெரும்பாலானோர் எழுபது வயதைக் காண்பது மனித வரலாற்றில் புதிது. ஆகவே மூன்றாம் பருவம் என்பதும் புதிது. அதை எப்படி வாழ்வது என்பதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. வயதாகிவிட்டது, இனி ஒடுங்கியிரு என்ற பழைய அறிவுரை, ஐம்பதில் மனிதர் இறந்துபோன காலத்துக்கு உரியது. இந்த இடத்தில் அவரோடு நான் முழுதாக ஒத்துப்போகிறேன். பிரிட்டனின் இந்த அமைப்புகள் மீது ஒரு குறையும் சொல்லப்படுவதுண்டு. ஏற்கெனவே படித்த நடுத்தர வர்க்கத்தார்தான் அங்கே அதிகம். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் குறைவு. கற்பிக்க என்னிடம் ஏதோ இருக்கிறது என்று நம்புவதற்கே ஓரளவு பள்ளிக்கல்வி தேவைப்படுகிறதோ என்னவோ. இந்தக் குறையைத்தான் நாம் நம் மண்ணில் நீக்கிக் காட்ட முடியும் என்று நினைக்கிறேன்.

இப்போது மறுபக்கம். மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டத்தில், முர்பாட் வட்டத்தில் பாங்கணே என்றொரு சிற்றூர். அங்கே 2016 மார்ச் 8, உலக மகளிர் நாளன்று பாட்டிகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. ஆஜிபாய்ச்சி ஷாளா என்று பெயர். ஊர்ப் பள்ளி ஆசிரியர் யோகேந்திர பங்கார் அதற்கு முதல் முயற்சி எடுத்தவர். ஊரில் சிவாஜி பிறந்தநாள் விழாவையொட்டிச் சமய நூல் வாசிப்பு நடந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டிகள், நமக்கும் படிக்கத் தெரிந்தால் நாமே வாசித்திருக்கலாமே என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. அறுபதிலிருந்து தொண்ணூறு வயது வரையுள்ள பெண்கள் இளஞ்சிவப்புச் சேலையைச் சீருடையாக உடுத்தி, தோளில் புத்தகப் பையோடு, பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை வகுப்புக்கு வந்தார்கள். மருமகள் மாமியாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும், பேரன் பேத்திகள் வீட்டுப்பாடத்துக்கு உதவியதும் அங்கே நடந்தன.

அந்த இரண்டு மணி என்ற நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். காலைச் சமையல், மாட்டுக்கு வைக்கோல், கொஞ்சம் வயல் வேலை, மதியச் சாப்பாடு எல்லாம் முடிந்து, மாலை விளக்கேற்றும் வேலை தொடங்குமுன் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைக்கிற ஒரே இடைவெளி அது. நம் ஊர்களில் எழுத்தறிவு வகுப்பு பெரும்பாலும் இரவு ஏழு மணிக்குத்தான் வைக்கப்பட்டது. இளைஞருக்கு அது பொருந்தும். கண் மங்கியவரை இருட்டிய பின் தெருவில் நடக்கவைப்பது பொருந்தாது. நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே வகுப்பு யாருக்காக என்று தெரிந்துவிடும்.

கேரளத்தில் 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டின் மானாஞ்சிறைத் திடலில், மாநிலம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்ற அறிவிப்பை வாசித்தவர் முதலமைச்சரோ ஆளுநரோ இல்லை. மலப்புறத்தைச் சேர்ந்த, புதிதாக எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற மூத்த பெண்மணி. தேசிய வரம்பு 35 என்று சொன்ன காலத்திலேயே களத்தில் நின்ற தொண்டர்கள் அந்த வரம்பைத் தாண்டிப் போயிருந்தார்கள். அந்த மாநிலம் அங்கேயே நின்றுவிடாமல் நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என்று நிகர்நிலைத் தேர்வுகளை வைத்துக்கொண்டு முன்னேறியது. அதனால்தான் 2018இல் ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயனி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுத முடிந்தது. நூற்றுக்கு 98 மதிப்பெண். கோயில் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர் அவர். படிக்கும் ஆசையை அவருக்கு ஊட்டியது அவர் மகள். மகள் தம் அறுபதையொட்டிய வயதில் பத்தாம் வகுப்பு நிகர்நிலைத் தேர்வில் தேறியதைப் பார்த்துத் தாயும் புத்தகம் எடுத்தார். 2020 மார்ச் 8 அன்று குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது பெற்றார். 2023இல் தம் 101ஆம் வயதில் மறைந்தார்.

கொல்லம் மாவட்டத்துப் பாகீரதி அம்மாவின் கதை இன்னும் என்னை உலுக்குவது. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, ஒன்பது வயதில் தாய் இறந்தார். கீழே இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டார். 2019இல் 105ஆம் வயதில் நான்காம் வகுப்பு நிகர்நிலைத் தேர்வு எழுதினார். வேகமாக எழுத முடியாததால் அவருக்கு அந்தத் தேர்வை எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று; தேர்வு நடத்தியவர்கள் அந்த மூன்று நாளைக் கொடுத்தார்கள். 275க்கு 205 மதிப்பெண். கணிதத்தில் 75க்கு 75. தொண்ணூற்றாறு ஆண்டுக்கு முன் நின்றுபோன இடத்திலிருந்து எடுத்துத் தொடர்ந்திருக்கிறார் அந்த அம்மா. அவருக்கு அந்த மூன்று நாளை ஒதுக்கித் தந்த அலுவலரை எனக்குத் தெரியாது. பாகீரதி அம்மாவுக்கு அடுத்தபடியாக என் வணக்கம் அவருக்குத்தான்.

தேர்வு வேண்டுமா, வேண்டாமா? கேம்பிரிட்ஜ் வழி வேண்டாம் என்கிறது, கேரள வழி வேண்டும் என்கிறது. நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன். வாழ்நாள் முழுவதும் தேர்வு எழுதியவர்களுக்குத் தேர்வில்லாமல் படிப்பது ஒரு விடுதலை. தேர்வுக்கூடத்தின் வாசலையே மிதிக்காதவருக்கு ஹால் டிக்கெட்டில் தம் பெயரைத் தாமே படித்து உள்ளே போவதே பெரிய நாள். எது வேண்டும் என்பதைப் படிக்கிறவரே சொல்லட்டும். மதிப்பெண் பட்டியலைச் சட்டம் போட்டு மாட்டிய மூதாட்டியைப் பார்த்துப் படித்தவர்கள் புன்னகைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நம் பட்டங்களும் நம் சுவர்களில்தான் தொங்குகின்றன.

முதுமையில் படித்தால் மண்டையில் ஏறுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பதில் இருக்கிறது. புதிய செய்தியை உடனே வாங்கி உடனே கையாளும் வேகம் வயதோடு குறைகிறது. சொல்வளமும் பட்டறிவும், ஒன்றை மற்றொன்றோடு பொருத்திப் பார்க்கும் திறனும் அறுபதுக்கு மேலும் நன்றாகவே நிற்கின்றன. அமெரிக்காவின் டெக்சஸில் டெனிஸ் பார்க் என்ற உளவியல் பேராசிரியர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலையையும், ஒரு பகுதியினருக்கு ஒட்டுத் துணி மெத்தை தைப்பதையும், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் என்ற அளவில் மூன்று மாதம் கற்பித்தார்கள். மற்றொரு குழு கூடிப் பேசியது, விளையாடியது, வெளியே போய்வந்தது; புதிதாகக் கற்கவில்லை. கடினமான புதுத்திறன் ஒன்றைக் கற்றவர்களின் நினைவாற்றல் கூடியிருந்தது. குறிப்பாகப் புகைப்படக் கலை படித்தவர்களிடம். கூடிப் பேசியவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. சிரமப்பட்டுக் கற்பதில்தான் பலன் இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதியோருக்கு எளிய பாடம் போதும், ஆடிப்பாட வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஆய்வைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் நினைவு மறதிக்கு மருந்து என்று சொல்லி வகுப்பை விற்க வேண்டாம் என்று இங்கே இருக்கும் மருத்துவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இருபது வயது மாணவன் கல்வெட்டுப் படிக்க வந்தால், இது உன் நரம்புக்கு நல்லது என்று நாம் சொல்வதில்லை. கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எழுபது வயதுக்காரருக்கும் அதுதான் காரணம்.

வகுப்பறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணங்கள் பலவும் அறைக்குள் வந்ததும் தோற்றுப்போகின்றன. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேருகிறது. ஆகவே சன்னலுக்கு முதுகு காட்டி நின்று பாடம் நடத்தும் ஆசிரியரின் முகம் அவர்களுக்குத் தெரியாது. உதட்டசைவு தெரியாவிட்டால், காது மங்கியவருக்குப் பாதிப் பாடம் போய்விடும். மின்விசிறி கடகடக்கும் அறையில் கடைசி வரிசையில் அமர்ந்த தாத்தா, எல்லாம் கேட்கிறது என்று தலையாட்டுவார். கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சம். மாடிப்படி ஏற முடியாதவர் வரவே மாட்டார். கழிப்பறை பக்கத்தில் இல்லையென்றால் நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். இவையெல்லாம் பாடத்திட்டத்தின் பகுதிகள். பாடநூலைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கு முன்னால், மூக்குக் கண்ணாடி இல்லாதவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். 1992 மகளிர் நாளையொட்டி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எழுத்து ஒருத்தியின் வீட்டுக்குள் வந்தது, சைக்கிள் அவளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோயிற்று. இன்றைய எழுபது வயதுப் பெண்ணுக்கு அந்தச் சைக்கிளின் இடத்தில் இருப்பது செல்பேசி. உதவித்தொகை வங்கியில் வந்துவிட்டதா என்று பார்க்க, ஓடிபி கேட்கும் மோசடிக்காரனின் குரலை அடையாளம் காண, வெளிநாட்டிலிருக்கும் மகளின் முகத்தைப் பார்க்க அது வேண்டும். 2017இல் மத்திய அரசு தொடங்கிய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தின் வயது வரம்பு என்னவாக இருந்தது தெரியுமா? 14 முதல் 60 வரை. 1978இல் 35இல் நின்ற கோடு நாற்பது ஆண்டில் 60க்கு நகர்ந்தது. அன்று 36 வயதாக இருந்தவர் அப்போதும் கோட்டுக்கு வெளியேதான் நின்றார்.

கேரளம் இங்கும் வரம்பை ஒதுக்கித் தள்ளியது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் தொடங்கி, வீடு வீடாகப் போய் வயது பார்க்காமல் கற்பித்து, 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகத் தன்னை அறிவித்தது. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் வரம்பில்லை என்றாகிவிட்டது. தாமதமாக வந்த நல்ல மாற்றம் அது, வரவேற்கிறேன்.

தமிழ்நாட்டில் முதியோர் வகுப்புக்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது: நம் பொது நூலகங்கள். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. அதை ஏற்படுத்தியவர் கனகசபைப் பிள்ளை, ஓய்வு பெற்ற பொறியாளர். தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். ஓய்வு பெற்ற ஒருவர் தம் பருவத்தை எப்படிச் செலவிடலாம் என்று லாஸ்லெட்டுக்கு ஐம்பது ஆண்டு முன்பே மன்னார்குடிக்காரர் ஒருவர் வண்டி கட்டிக் காட்டியிருக்கிறார். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவின் முதல் மாகாண நூலகச் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. இந்த மாநிலத்தில் பொது நூலகங்கள் 4,600க்கும் மேல் இருக்கின்றன. காலையில் நாளிதழ் வாசகர்கள், மாலையில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள். இடையில், பிற்பகல் இரண்டு மணிக்கு, பல கிளை நூலகங்களின் வாசிப்பறை வெறிச்சோடிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கூடிக் கற்பது நம் மூத்தோருக்குப் புதிதும் இல்லை. திருவாசக முற்றோதலுக்குப் போய்ப் பாருங்கள். காலையில் தொடங்கி 51 பதிகங்களையும் ஓதி முடிக்கும்வரை எழுபது வயதுப் பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். எழுத்து தெரியாதவரும் பக்கத்தில் இருப்பவர் குரலைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகளில் பதிகம் பதிகமாக மனப்பாடம் செய்துவிடுகிறார். புத்தகம் மடியில் இருக்கிறது, பக்கம் மாறும்போது மாற்றுகிறார், பாடலும் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. அவருக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தெரிந்த பாடலில் தெரிந்த சொல்லைக் காட்டி, அதிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டினால் போதும். குழந்தைக்கு எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகிறோம், இவருக்குச் சொல்லிலிருந்து எழுத்துக்கு வரலாம். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இதை எளிதாகச் செய்துவிடுவார்கள்.

அந்த ஆசிரியர்கள் யார்? ஒவ்வொரு ஊரிலும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார், அஞ்சலக அலுவலர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், நில அளவையர் இருக்கிறார். ஒரே அறை என்று நான் முதலில் சொன்னது இங்கேதான் வருகிறது. தலைமையாசிரியர் திங்கட்கிழமை எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். புதன்கிழமை அதே அறையில், அவரிடம் எழுத்துப் படிக்கும் மூதாட்டி நெல் வகைகளையும் விதை சேமிப்பையும் பற்றிப் பேசுவார், தலைமையாசிரியர் குறிப்பெடுப்பார். அளவையர் பட்டா, சிட்டா, அடங்கல் படிக்கக் கற்றுத்தருவார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிலும் எத்தனை பேருக்குத் தம் நிலத்தின் ஆவணத்தைப் படிக்கத் தெரியும்? மருத்துவச்சியாக இருந்தவர், நாதசுரக்காரர், வலை பின்னுகிறவர், தறி நெய்தவர் எல்லாருக்கும் ஒரு புதன்கிழமை உண்டு. தான் கற்பித்த மறுவாரம் கற்க வருகிறவர் வகுப்பில் உட்காரும் விதமே வேறு. அவர் அங்கே யாருடைய இரக்கத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை.

பணம் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை உறுப்பினர் கட்டணமாகப் பெறுகிறார்கள். நம் ஊரில் கட்டணம் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கையில் பத்து ரூபாய் வேண்டுமென்றால் மகனையோ மருமகளையோ கேட்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண்கள்தான் முதலில் வர வேண்டியவர்கள். எதற்கு என்று வீட்டில் கேட்டால் அவர்கள் வராமல் நின்றுவிடுவார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் வந்துபோவது ஓரளவு எளிதாகிவிட்டது. பேருந்து இல்லாத சிற்றூர்களுக்கு வகுப்பே போகட்டும். மேலவாசல் வண்டி போனது போல.

இந்தக் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கே நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறீர்கள். இந்த ஆண்டு முகாமில் ஒரு நாளை ஒதுக்கி, உங்கள் தெருவில் அறுபதைக் கடந்தவர்களிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன படிக்க ஆசை, என்ன சொல்லிக்கொடுக்கத் தெரியும். பலர் முதல் கேள்விக்கு, இந்த வயதில் எனக்கென்ன படிப்பு என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு, எனக்கென்ன தெரியும் என்பார்கள். அங்கே எழுந்து வந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள், அவர்கள் கொடுக்கும் காபியைக் குடியுங்கள், மறுபடி கேளுங்கள். கிடைக்கும் பதில்களை இரண்டு பத்தியாக எழுதி, அருகிலுள்ள கிளை நூலகரிடம் கொடுங்கள். பிற்பகல் வகுப்புகளின் முதல் கால அட்டவணையை அவரோடு அமர்ந்து போட நானும் வருகிறேன்.